சொல்மேகம்: வகுப்பறையில் ஒரு கற்றற் கருவி

பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுகளாகக் கையாண்டுவரும் 'சொல்மேகம்' என்னும் உத்தி, இப்போது நமது ஞாயிறு பள்ளிகளுக்கும் திடப்படுத்தல் வகுப்புகளுக்கும் இறையியற் கல்லூரி வகுப்பறைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பகுதியிலுள்ள சொற்களை எண்ணி, மிகுதியாக வரும் சொல்லைப் பெரிய எழுத்திலும் அருகி வரும் சொல்லைச் சிறிய எழுத்திலும் ஒரே தாளில் நெருக்கமாக எழுதிக் காட்டுவதே சொல்மேகம். அதில் வாக்கியம் இராது, வரிசை இராது, வானத்தில் மேகம் திரண்டு நிற்பதுபோலச் சொற்கள் திரண்டு நிற்கும். பார்த்த மாத்திரத்தில் கண்ணைக் கவரும். அதனாலேயே சற்று ஐயத்தோடு அணுகத்தக்கதுங்கூட. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிச் சபைகளுக்குக் களப்பணிக்குச் செல்லும் மாணவரோடு இதனைக் கையாண்டு பார்த்தபோது நாம் கற்றவற்றையும், நாம் செய்த பிழை ஒன்றையும், ஆயர்களும் மாணவரும் அறியுமாறு இங்கே எழுதுகிறோம்.

சொற்களை எண்ணுதல் திருமறை பயில்வோர்க்குப் புதிதன்று. எபிரெயத் திருமறையைப் படியெடுத்துக் காத்த மசோரெத்தியர், ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதை எண்ணி ஏட்டின் ஓரத்தில் குறித்து வைத்தனர். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் தொமினிக்கன் துறவியர், செயின்ட் ஷேர் ஊரினரான ஹியூ என்பாரின் தலைமையில், லத்தீன் வேதாகமத்துக்குச் சொல்லடைவு தொகுத்தனர். 1737இல் அலெக்சாண்டர் குரூடன் ஆங்கிலத் திருமறைக்கு அப்பணியைத் தனியொருவராகவே செய்து வெளியிட்டார். ஆயினும் சொல்லடைவு ஒவ்வொரு சொல்லையும் அது வரும் வசனத்தோடு சேர்த்தே காட்டும். சொல்மேகமோ வசனத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இக்காலத்துச் சொல்மேகத்தின் வரலாறு சிறிது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1958இல், ஒரு கட்டுரையில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணுவதன் மூலம் அதன் சுருக்கத்தைக் கணிப்பொறியே எடுத்துத் தரலாம் என்று காட்டினார். 1976இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் டெனிஸ் ஜோடலேயும் பாரிஸ் நகரவாசிகள் தம் நகரை எவ்வாறு மனத்தில் கொண்டுள்ளனர் என்று ஆராய்ந்தபோது, அதிகம் பேர் குறிப்பிட்ட இடத்தின் பெயரைப் பெரிதாகவும் சிலரே குறிப்பிட்டதைச் சிறிதாகவும் அச்சிட்டு ஒரு படம் வரைந்தனர். 2008இல் ஐ.பி.எம். பணியாளரான ஜோனத்தன் ஃபைன்பெர்க் 'வேர்டில்' என்ற செயலியை வெளியிட்ட பின்னரே இது வகுப்பறைகளில் பரவலாயிற்று. (இப்பெயரில் இன்று பலர் ஆடும் சொல் விளையாட்டு வேறு.) அச்செயலி இன்று வழக்கொழிந்தது, அதன் வழிவந்தவை பல உள்ளன.

இச்செயலிகள் வேலை செய்யும் முறையை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம். முதலாவது, கொடுக்கப்பட்ட பகுதி சொல் சொல்லாகப் பிரிக்கப்படுகிறது. அடுத்து, 'ஒரு', 'என்று', 'மற்றும்', 'இல்லை' போன்ற எங்கும் வரும் சொற்கள் ஒரு பட்டியலின்படி நீக்கப்படுகின்றன. எஞ்சியவை எண்ணப்பட்டு, எண்ணிக்கைக்கேற்ப எழுத்தின் அளவு அமைகிறது. பெரும்பாலான செயலிகளில் நிறத்துக்கும் இடத்துக்கும் பொருள் யாதுமில்லை, அவை அழகுக்காகவே. ஆனால் மாணவர் அவற்றுக்கும் பொருள் தேடுவர். நடுவில் நிற்கும் சொல் மையக்கருத்து என்றும், சிவப்பில் இருப்பது எச்சரிக்கை என்றும் வியாக்கியானம் செய்த மாணவர் உண்டு. மேலும், நீண்ட சொல் தாளில் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளதிலும் பெரிதாகத் தோன்றும். 'தொழிற்சாலை'யும் 'ஊர்' என்பதும் ஒரே எண்ணிக்கையில் வந்திருந்தாலும், கண் முதலில் தொழிற்சாலையின் மேலேயே விழும்.

தமிழுக்கு இவற்றினும் பெரிய இடர்ப்பாடுகள் உள்ளன. ஆங்கிலத்தையொத்த மொழிகளை எண்ணிச் செய்யப்பட்ட செயலிகள் சிலவற்றில் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்தாகவே கருதப்படுவதில்லை. அவ்விடத்தில் சொல் முடிந்தது என்று கொண்டு செயலி அதனை வெட்டிவிடுகிறது. கடவுள் என்னும் சொல்லைக் கொடுத்தால், சிதைந்த துண்டுகளே தாளில் வந்து விழும். எழுத்து பிழைபடாத செயலி கிடைத்தாலும் இடர் தீர்வதில்லை. நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி நிற்பது. கடவுள், கடவுளை, கடவுளின், கடவுளுக்கு, கடவுளோடு என்பவை கருவிக்கு ஐந்து வெவ்வேறு சொற்கள். பகுதி முழுவதும் கடவுளைப்பற்றியே பேசினாலும், அப்பெயர் ஐந்தாகப் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றும் சிறுத்துப் போகும். உருபேற்காத ஏதோ ஒரு சொல் பெரிதாகி நிற்கும். வினைச்சொற்களின் நிலை இன்னும் பரிதாபம்.

அப்படியானால் உருபுகளை நீக்கி வேர்ச்சொல்லை மட்டும் எண்ணலாமே எனில், ஆம், எண்ணலாம், எண்ணவும் வேண்டும். ஆனால் அங்கே இறையியலாளர் விழிப்பாயிருக்க வேண்டிய இடமொன்று உண்டு. எபேசியர் 1:3 முதல் 14 வரையுள்ள பகுதி கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம். அதனுள் 'கிறிஸ்துவுக்குள்', 'அவருக்குள்' எனப் பொருள்படும் தொடர்கள் பத்துக்கு மேற்பட்ட முறை வருகின்றன. பவுலடியாரின் இறையியல் முழுவதும் அந்தச் சின்னஞ்சிறு 'உள்' என்பதில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. ஆங்கிலத்தில் அது முன்னிடைச்சொல்லாதலால் நீக்கப்படும் சொற்களின் பட்டியலோடு போய்விடுகிறது. தமிழில் அது உருபாதலால் வேர்ச்சொல்லைத் தேடும்போது உதிர்ந்துவிடுகிறது. இரு மொழியிலும் மேகத்தில் எஞ்சுவது 'கிறிஸ்து' என்னும் பெயர் மட்டுமே. அதுவும் நன்றே, எனினும் பவுல் சொன்னது அதுவன்று. மாற்கு நற்செய்தியில் ஏறக்குறைய நாற்பது முறை வரும் 'உடனே' என்னும் சொல்லையும் சில பட்டியல்கள் பயனற்றதென்று தள்ளிவிடக்கூடும். அந்நற்செய்தியின் நடையே அச்சொல்லில்தான் ஓடுகிறது.

இக்காரணங்களால், கையால் எண்ணுவதே சிறந்தது என்பது நம் துணிபு. ஓர் அதிகாரத்தைப் படியெடுத்து நால்வர் கொண்ட குழுக்களுக்குக் கொடுத்து, சொல்லுக்கு ஒரு கோடு வீதம் இட்டு எண்ணச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். எந்தச் சொற்களை ஒன்றாகச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்று குழுவுக்குள் எழும் வாதமே பாதிப் பாடம். 'மன்னிப்பு' என்பதையும் 'மன்னியும்' என்பதையும் ஒன்றாக எண்ணலாமா என்று இரு மாணவர் வாதிடும்போது, ஆசிரியர் ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றிக் கற்பிக்க முடியாததை அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். மின்சாரம் தடைப்பட்டாலும் இவ்வகுப்பு நடக்கும் என்பது சிறிய ஆதாயமன்று.

தொடங்குவதற்கு எளிய பகுதி 136ஆம் சங்கீதம். அதன் 26 வசனங்களும் ஒரே பல்லவியில் முடிகின்றமையால், பழைய மொழிபெயர்ப்பில் 'கிருபை' தாளை நிறைத்து நிற்கும். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அவ்விடத்தை அடைவது 'பேரன்பு'. இரு தாள்களையும் அருகருகே மாட்டி, கிருபையும் பேரன்பும் ஒன்றா என்று கேட்டால் வகுப்பு தானே நடக்கும். கடவுளைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பபிரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் ஐயரின் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1936ஆம் ஆண்டுத் திருத்திய மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்றது. ஒரே அதிகாரத்துக்கு நான்கு மேகங்கள் செய்தால், நான்கிலும் பெரிய சொல் வேறு வேறாக இருக்கும். தமிழ்த் திருச்சபையின் மொழி வரலாற்றை இதைவிட விரைவாகக் கண்முன் நிறுத்தும் வழியை நாம் அறியோம்.

இனி, மேகம் வழிதவறச் செய்யும் இடங்கள். பிலிப்பியர் திருமுகம் மகிழ்ச்சியின் கடிதம் எனப்படும். மகிழ்ச்சி, மகிழ்தல், உடன்மகிழ்தல் என்னும் சொற்கள் கிரேக்கத்தில் 16 முறை அதில் வருகின்றன. மேகத்தில் அவை ஓங்கி நிற்கும். 'சிலுவை' இருமுறையே வருகிறது, 2:8இலும் 3:18இலும். ஆகவே அது தாளின் மூலையில் எங்கேனும் ஒடுங்கிக் கிடக்கும். ஆனால் 2:8இலுள்ள அவ்வொரு சொல்லின்மேல்தான் அக்கடிதத்தின் மகிழ்ச்சி முழுவதும் ஏறி நிற்கிறது. எழுதியவர் விலங்கிடப்பட்டிருந்தார் என்பதும் முதல் அதிகாரத்தில் நான்கு முறை வரும் 'கட்டுகள்' என்னும் சொல்லைத் தேடிப் பிடித்தாலன்றித் தெரியாது. எஸ்தர் நூலையோ எபிரெய மூலத்தின்படி எண்ணினால் ராஜாவும் ராஜாவின் அரண்மனையுமே தாளை நிறைக்கும். கடவுளின் பெயர் ஒருமுறையேனும் வராது. மேகம் காட்டாத சொல் எது என்று மாணவர் கேட்கத் தொடங்கும்போதுதான் இக்கருவி உண்மையில் பயன் தரத் தொடங்குகிறது.

ஜேம்ஸ் பார் என்னும் அறிஞர் 1961இல் வெளியிட்ட 'வேதாகம மொழியின் சொற்பொருளியல்' குறித்த நூலில், தனிச்சொற்களை ஆராய்ந்து அவற்றின்மேல் இறையியலைக் கட்டும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கிட்டெலின் பெரிய அகராதியும் அக்கண்டனத்துக்குத் தப்பவில்லை. கருத்தைச் சுமப்பது சொல்லன்று, வாக்கியமே என்பது அவருடைய வாதத்தின் சாரம். சொல்மேகத்தை அவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. நாம் அவரோடு உடன்படுகிறோம். ஆயினும் மேகத்தை முடிவாகக் கொள்ளாமல், வாக்கியத்துக்குத் திரும்பிப் போவதற்கான தூண்டுதலாகக் கொள்வதில் குற்றமில்லை. வகுப்பின் இறுதியில் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை உரக்க வாசிக்காமல் கலைவதில்லை என்னும் விதியை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை சொன்னது நூலிலிருந்து எடுக்கும் மேகம். மக்களின் வாயிலிருந்து எடுக்கும் மேகம் வேறு. அதுவே நமக்கு அதிகம் கற்றுத்தந்தது.

இதன் முன்னோடி கணிப்பொறியன்று, பவுலோ ஃபிரெய்ரே. பிரேசில் நாட்டின் வடகிழக்கிலுள்ள ஆங்கிகோஸ் என்னும் சிற்றூரில் 1963இல் அவர் ஏறக்குறைய 300 உழைப்பாளருக்கு எழுத்தறிவிக்கும் வகுப்புகளை நடத்தினார். அவருடைய முறையில், ஆசிரியர் பாடநூலோடு ஊருக்குள் நுழைவதில்லை. முதலில் மக்களோடு பேசி, அவர்கள் வாழ்வை அழுத்தும் சொற்கள் எவை என்று கேட்டுத் தொகுக்கிறார். அச்சொற்களில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றையே முதற்பாடமாக வைக்கிறார். 'திஜோலோ' அத்தகைய ஒரு சொல். செங்கல் என்று பொருள். அச்சொல்லை அசைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் உரிய வரிசையை எழுதி, அவற்றை மாற்றிக் கோத்துப் புதிய சொற்களைப் படைக்கச் செய்தார். (தமிழில் உயிர்மெய் வரிசையைத் திண்ணைப் பள்ளியிலேயே பாடிப் பழகிய நமக்கு அம்முறை அந்நியமாகத் தோன்றாது.) செங்கல்லைப் பற்றிய பேச்சு, அதைச் சுடுபவர் யார், அதனால் எழும்பும் வீட்டில் குடியிருப்பவர் யார் என்னும் பேச்சாக மாறியது. 1964ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிக்குப் பின் அவர் சிறையிலடைக்கப்பட்டு நாடு கடந்து வாழ நேர்ந்தது. 1970 முதல் பத்தாண்டுக் காலம் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகளின் மாமன்றத்தில் கல்விப் பணி ஆற்றினார். ஆகவே அவரை வெளியார் என்று நாம் கருத வேண்டியதில்லை.

செங்கல் என்னும் சொல்லுக்கு நமது பகுதியிலும் பாரமுண்டு. 1997இல் செங்கற்பட்டிலிருந்து பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டத்தில் சூளைகள் பல உள்ளன. மழைக்காலம் ஓய்ந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு கல் அறுக்க வருகிறார்கள். முன்பணம் எப்போது கொத்தடிமையாக மாறுகிறது என்பதைக் கண்டறிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கண்டறியும் கண்கள்தாம் போதவில்லை. வடக்கே கும்மிடிப்பூண்டியிலோ சிப்காட் தொழிற்பேட்டையும் அதைச் சூழ்ந்த இரும்பு உருக்காலைகளும் உள்ளன. சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில்கள் பலவற்றின் கடைசி நிலையம் அது. வயல் விற்றுவிட்டு ஆலைக்குச் செல்லும் உள்ளூரார், தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்து குடியேறிய சபையார், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்வோர், வடமாநிலத்து இளைஞர் என நால்வகை மக்கள் அங்கே ஒரே கடைவீதியில் நடக்கிறார்கள். சபைக்குள்ளும் இவர்களில் மூவகையினராவது அமர்ந்திருப்பது உண்டு.

அத்தகைய சபையொன்றில், ஞாயிறு மாலை வழிபாட்டுக்குப் பின் இருபதுக்குச் சற்று மேற்பட்டோரைக் கூட்டி நாம் ஒரு வகுப்பு நடத்தினோம். ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் கொடுத்து, கடந்த வாரத்தில் வீட்டில் அதிகமாகப் பேசப்பட்ட மூன்று சொற்களை எழுதச் சொன்னோம். எழுதத் தெரியாதவர்க்கு மாணவர் எழுதிக் கொடுத்தனர். அவற்றை எண்ணி, பெரிய வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் மேகமாக எழுதினோம். ஊர், கடன், தண்ணீர், ஷிப்ட், பள்ளிக்கூட ஃபீஸ், தூக்கம், காண்ட்ராக்ட் என்பவை பெரிதாக வந்தன. 'ஊர்' எல்லாவற்றினும் பெரிது.

அதைப் பார்த்து மாணவர் ஒருவர், இம்மக்கள் தம் ஊரைப் பெரிதும் நேசிக்கிறார்கள் என்று பொருள் கூறினார். யாருடைய ஊர், எந்த ஊர் என்று ஒவ்வொருவராகச் சொல்லும்படி நாம் கேட்டோம். ஒருவருக்கு ஊர் என்பது திருநெல்வேலிக்குத் தெற்கே. பொங்கலுக்குப் போக விடுப்புக் கிடைக்குமா என்பதே அவர் வீட்டுப் பேச்சு. முகாமிலிருந்து வந்த தாயார் ஒருவருக்கு ஊர் கடலுக்கு அப்பால் உள்ளது. திரும்புவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்னும் பேச்சு ஒரு தலைமுறையாக முடியவில்லை. உள்ளூர்ப் பெரியவருக்கோ ஊர் என்பது இதே மண். அது தம் கண்முன்னே வேறோர் ஊராக மாறிவிட்டது என்பது அவர் துயரம். எண்ணிக்கையில் ஒன்றான சொல் வாழ்வில் மூன்றாகப் பிரிந்து நின்றது. 'தண்ணீர்' என்பதும் அப்படியே. தாளில் பெரிதாக நின்ற அச்சொல்லைக் கண்டால் தண்ணீர் பெருகி ஓடுவதாகத் தோன்றும். அவர்கள் எழுதியதோ 'தண்ணீர் இல்லை' என்பது. 'இல்லை' என்பதைச் சிறு சொல்லென்று தள்ளிவிட்டவர்கள் நாமே.

மறுவாரம் வகுப்பறையில் மாணவர், களப்பணியில் தாம் எழுதி ஆற்றிய அருளுரைகளின் படிகளையும், நம்முடையவை சிலவற்றையும் சேர்த்து எண்ணினர். அம்மேகத்தில் 'ஆசீர்வாதம்', 'விசுவாசம்', 'வாக்குத்தத்தம்' என்பவை ஓங்கி நின்றன. முதல் தாளை இதனருகில் மாட்டினோம். இரண்டிலும் பொதுவாக இருந்த சொற்கள் மிகச் சிலவே. மக்கள் தாளில் இரண்டாவது பெரிய சொல்லாக நின்ற 'கடன்', நம் அருளுரைகளில் ஓரிடத்திலும் இல்லை. இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

அச்சொல் திருமறையில் இல்லாததா? ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில், மத்தேயு 6:12இல் உள்ள கிரேக்கச் சொல் கடனையே குறிக்கும். ஐக்கிய மொழிபெயர்ப்பும் அவ்விடத்தில் 'கடன்' என்றே கூறுகிறது. லூக்கா 11:4இல் பாவம் என்று வருகிறது. எனினும் அவ்வசனத்தின் மறுபாதியில் கடன்பட்டவரே பேசப்படுகிறார். நமது வழிபாட்டு முறைகள் பலவற்றில் 'குற்றம்' என்னும் சொல் வழங்குவதால், ஞாயிறுதோறும் ஜெபிக்கும் சபையார் தம் வீட்டில் இரவெல்லாம் பேசும் சொல் இந்த ஜெபத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை அறியாமல் போகிறார்கள். குற்றம் என்பது தவறான மொழிபெயர்ப்பு என்று நாம் வாதிடவில்லை. அரமேய மொழியில் கடனைக் குறிக்கும் சொல் பாவத்தையும் குறிக்கும் என்பதை மாணவர் அறிவர். ஆனால் உவமையை விட்டுப் பொருளை மட்டும் கொடுத்தபோது, வட்டிக்கு வாங்கியவனின் செவிக்கு எட்டியிருக்க வேண்டிய ஒன்று எட்டாமல் போயிற்று. அதே ஜெபத்தில் அப்பத்தோடு சேர்ந்து வரும் 'எபியூசியோஸ்' என்னும் அடைச்சொல்லையும் இங்கே நினைக்கலாம். புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்விரு ஜெபங்களில் மட்டுமே வருவது. வேறு கிரேக்க நூல்களிலும் அதனைக் காண்பது மிக அரிது. எண்ணிக்கையில் அற்பம். தினக்கூலிக்காரன் அச்சொல்லை எண்ணிக்கையால் அளப்பானா?

மாணவர் இருவர் அடுத்த மாதம் அச்சபையில் உபாகமம் 15ஐயும் மத்தேயு 6:12ஐயும் சேர்த்துப் பேசினர். பேச்சு சிறப்பாக அமைந்தது என்று சொல்ல முடியாது. ஒருவர் வட்டி விகிதங்களைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசிவிட்டார். ஆனால் வழிபாடு முடிந்தபின் சபையார் கலையாமல் நின்று பேசினார்கள்.

இப்போது நம் பிழை. முதல் வகுப்பில் தாள்களைச் சேகரித்தபோது ஒன்றில் எதுவும் எழுதப்படவில்லை. அதைக் கொடுத்தவர் இளம் பெண். ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒன்றும் தோன்றவில்லையா அம்மா என்று எல்லார் முன்னிலையிலும் நாம் கேட்டோம். அவர் தலைகுனிந்து சிரித்தார். சில வாரங்கள் கழித்து, ஆயரின் துணைவியாரிடம் அவர் சொல்லி நாம் அறிந்தது இது: அவர் வேலை செய்யும் பிரிவின் மேற்பார்வையாளர் அதே வகுப்பில், இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்திருந்தார். அவர் எழுத நினைத்த சொல் அந்த மனிதரைப் பற்றியது. அச்சொல் இன்னதென்று நாம் இங்கே எழுதப்போவதில்லை. அப்பெண் இப்போது வேறிடத்தில் வேலை செய்கிறார் என்று மட்டும் சொல்லலாம்.

எல்லாருடைய குரலையும் சமமாக எண்ணும் கருவி என்று சொல்மேகத்தைப் புகழ்வதுண்டு. எழுதத் துணிந்தவரின் குரலைத்தான் அது எண்ணுகிறது. ஃபிரெய்ரே மக்களோடு நெடுநாள் பழகிய பின்னரே சொற்களைத் தொகுத்தார். நாம் ஒரு மாலைப்பொழுதில் தொகுத்துவிட நினைத்தோம். சபைக்குள் சாதியும் பதவியும் கடனும் அமர்ந்திருக்கின்றன. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே இருக்கையில் இருக்கக்கூடும். வட்டமாக உட்கார வைத்துவிட்டால் இவை மறைந்துவிடுமென்று நினைப்பது பேதைமை.

அதன்பின் நாம் கடைப்பிடித்துவரும் முறையை இவ்வகுப்பை நடத்த விரும்பும் ஆயர்களுக்குச் சொல்லி வைக்கிறோம். தாளில் பெயர் வேண்டா. எல்லார்க்கும் ஒரே நிற மையும் ஒரே அளவுத் தாளும் கொடுக்க வேண்டும். மகளிரையும் ஆடவரையும் தனித்தனியே கூட்டுவது நலம். ஒரே ஆலையில் மேலும் கீழுமாக வேலை செய்வோர் ஒரே குழுவில் இல்லாதபடி சபையின் மூப்பரை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். தாள்களை அங்கேயே விரிக்காமல் மூடிய பெட்டியில் இடச்செய்து, ஆயரும் சபையாரால் நம்பப்படும் பெண்மணி ஒருவரும் தனியே எண்ண வேண்டும். எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தருபவர் அவருடைய உறவினராகவோ மேலதிகாரியாகவோ இருத்தலாகாது. வெற்றுத் தாள் வந்தால் அதையும் ஒன்றாக எண்ணி, மேகத்தில் அதற்கென எழுத்தில்லாத வெள்ளை இடம் விட வேண்டும். ஏன் என்று கேட்கலாகாது. ஒருவர் மட்டும் எழுதிய சொல் அவரைக் காட்டிக்கொடுக்குமாயின், அதனைத் தாளில் ஏற்றாமல் ஆயர் தம் மன்றாட்டில் வைத்துக்கொள்வது நலம். 'இல்லை', 'வேண்டாம்', 'முடியாது' என்னும் சொற்களைத் தள்ளலாகாது. அவை ஒட்டிவந்த பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும். வகுப்பு முடிந்ததும் சிறு தாள்களைக் கிழித்து எரித்துவிட வேண்டும். பெரிய தாளை மட்டும் சுருட்டி ஆயர் தம் அறையில் வைத்துக்கொண்டு, அடுத்த அருளுரையை எழுத உட்காரும்போது மேசைமேல் விரித்துக்கொள்ளலாம்.